முதல்ல ஊன்றுகோல், அப்புறம்தான் கண்ணு

நவரை நடவு முடிஞ்சது. இனி தண்ணி கட்டுறதும் களை பார்க்கிறதும்தான் வேலை. கையில கொஞ்சம் நேரம் இருக்கிறதால, ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

பட்டணத்துல இருந்து எங்க ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க ரெண்டு விதமாப் பேசுவாங்க. ஒரு சாரார், "உங்களுக்கு என்ன, வரப்புல மூலிகை இருக்கு, ஆஸ்பத்திரியே வேணாம்" என்பார்கள். இன்னொரு சாரார், "மூலிகை, கோயில், பாட்டு எல்லாம் மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான்" என்பார்கள். ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டுப் போயிடுவேன். ஆனா எங்க ஆத்தோட சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல வேற ஒரு பதில் இருக்குன்னு தோணுது.

எங்க ஆறுன்னா கொசஸ்தலை. தக்கோலம் வட்டாரம் வழியா வந்து, பூண்டியில தேங்கி, தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் அணைக்கட்டு எல்லாம் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துல கடலைத் தொடும். பூண்டியில தேங்குற தண்ணியைத்தான் சென்னையில நீங்க குழாய்ல பிடிக்கிறீங்க. மிச்சம் வர்ற தண்ணியில நாங்க விவசாயம் பண்றோம். இந்த ஆத்துப் பக்கம் நடந்த பழைய கதை ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஞாயிறு கிராமத்துப் பொண்ணு

எங்க பக்கத்துல ஞாயிறுன்னு ஒரு கிராமம் இருக்கு. சூரியனுக்குப் பேர் போன சிவன் கோயில் அங்க இருக்கு. கண் நோய் தீரணும்னு வேண்டிக்கிட்டு இன்னைக்கும் அங்கே ஜனங்க வர்றாங்க. அந்த ஊர்ல ஒரு வேளாண் குடும்பத்துல பிறந்தவங்க சங்கிலி நாச்சியார். கல்யாணமே வேண்டாம்னு சொல்லிட்டு, திருவொற்றியூர் கோயில்ல கன்னிமாடத்துல தங்கி சாமிக்குப் பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க. தேவாரம் பாடின சுந்தரர் அங்க வந்தப்போ அவங்களைப் பார்த்து ஆசைப்பட்டார். அவருக்கு ஏற்கனவே திருவாரூர்ல பரவையார்னு மனைவி இருக்காங்க. அதனால "உன்னை விட்டுப் பிரிய மாட்டேன்"னு சத்தியம் பண்ணாத்தான் கல்யாணம்னு ஆகிப்போச்சு.

இங்கதான் சுந்தரர் ஒரு தந்திரம் பண்ணினார். "நான் கோயில் கருவறையில சத்தியம் பண்ணும்போது நீ கொஞ்ச நேரம் மகிழ மரத்துக்கடியில போய் இருந்துக்கோ"ன்னு சாமிகிட்டயே கேட்டுக்கிட்டார். சாமி சரின்னு சொல்லிட்டு, சங்கிலியார் பக்கம் கனவுல போய், "மரத்தடியில சத்தியம் கேளு"ன்னு சொல்லிட்டார். வேற வழியில்லாம மகிழடியிலயே சத்தியம் பண்ணினார் சுந்தரர். அப்புறம் வசந்த விழா வந்தது. திருவாரூர் நினைப்பு வந்துடுச்சு. சத்தியத்தை மீறிக் கிளம்பினார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போயிடுச்சு.

சுந்தரர் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவர். இந்தக் கதையை விரிவாக எழுதினவர் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், நம்ம குன்றத்தூர்க்காரர். கண் போன வேதனையைச் சுந்தரர் தன் பதிகங்களிலேயும் பாடியிருக்கார். திருவொற்றியூர் கோயில்ல மாசித் திருவிழாவுல மகிழடி சேவைன்னு இந்தச் சத்தியத்தை இன்னைக்கும் நடத்துறாங்க.

எனக்கு முக்கியமாப் படுறது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். கண் இல்லாம தடுமாறிக்கிட்டு திருமுல்லைவாயில் வழியா திருவெண்பாக்கம் வந்து பாடினார். அங்க கண் கிடைக்கல. கிடைச்சது ஒரு ஊன்றுகோல். கோபத்துல அதை வீசினார், அது பட்டு நந்தியோட கொம்பு உடைஞ்சதுன்னு அந்தக் கோயில்ல சொல்வாங்க. அப்புறம் அதே கோலை ஊணிக்கிட்டுதான் காஞ்சிபுரம் போனார். அங்க பாடினதும் இடது கண் வந்தது. வழியில உடம்புல தோல் நோய் வேற வந்துடுச்சு. திருத்துருத்தியில, இன்னைக்குக் குத்தாலம்னு சொல்றோமே அந்த ஊர்ல, குளத்துல குளிச்சதும் அது போச்சு. கடைசியா திருவாரூர்லதான் வலது கண் கிடைச்சது.

அந்தத் திருவெண்பாக்கம் எங்கேன்னு கேக்குறீங்களா? 1944-ல் பூண்டி அணை கட்டினப்போ பழைய கோயில் தண்ணிக்குள்ள போயிடுச்சு. கோயிலை மேட்டுக்கு மாத்திக் கட்டினாங்க. சாமி பேர் ஊன்றீஸ்வரர். கொம்பு உடைஞ்ச நந்தியை அங்க பார்க்கலாம்.

நம்புறவங்க நம்பட்டும், கதைன்னு நினைக்கிறவங்க அப்படியே நினைக்கட்டும். ஆனா கதையோட வரிசையைப் பாருங்க. முதல்ல கோல், அப்புறம் ஒரு கண், நடுவுல புதுசா ஒரு நோய், ரொம்ப தூரம் நடந்த பிறகு இன்னொரு கண். உடம்பு சரியில்லாம கிடந்து எழுந்த எல்லாருக்கும் இந்த வரிசை தெரியும். சங்கிலியாருக்கு நடந்தது நியாயமான்னு எங்க ஊர்ப் பொம்பளைங்க கேப்பாங்க, அதுவும் சரியான கேள்விதான். வாக்கு மீறினவருக்கும் கோல் கிடைச்சதுங்கிறதை மட்டும் இப்போதைக்குப் பிடிச்சுக்கறேன்.

தக்கோலத்துல இருந்து ஒரு சேனாபதி

திருவொற்றியூர் கோயில் கல்வெட்டுகளுக்குப் பேர் போனது. இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறதுக்குன்னே அங்க ஒரு மண்டபம் இருந்திருக்கு. பெரிய மடம் இருந்திருக்கு. அந்தக் கல்வெட்டுகள்ல ஒரு மனுஷனோட கதை வருது. இது புராணம் இல்லை, கல்லுல இருக்கிறது.

முதலாம் பராந்தக சோழனோட மகன் இராசாதித்தன். அவன் படையில வெள்ளன்குமரன்னு சேர நாட்டு வீரர் ஒருத்தர் சேனாபதியா இருந்தார். 943-ல் தென்பெண்ணைக் கரையில கிராமம்னே பேர் உள்ள ஊர்ல சிவன் கோயிலைக் கல்லால கட்டினவர் இவர்தான். 949-ல் தக்கோலத்துல இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோட பெரிய சண்டை. இராசாதித்தன் யானை மேலேயே செத்தான். அந்த நேரத்துல சேனாபதி பக்கத்துல இல்லை. கூடவே சாகாம போனது தன் குலத்துக்கே தகாதுன்னு அந்த மனுஷன் மனசு ஒடிஞ்சு போச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு கங்கைக்குப் போய்க் குளிச்சார். திருவொற்றியூர் வந்து நிரஞ்சன குருகிட்ட தீட்சை வாங்கி, சதுரானன பண்டிதர்னு பேரை மாத்திக்கிட்டார். பிறகு அந்த மடத்துக்கே தலைவரானார். கல்வெட்டுல இருக்கிற சதுரானனரும் பழைய சேனாபதியும் ஒரே ஆள்தான்னு ஆராய்ச்சியாளர்கள் இணைச்சுக் காட்டியிருக்காங்க.

இதுல ஒரு வேடிக்கை. அந்தக் கல்வெட்டு வெட்டினப்போ நாடு யார் கையில? தன் எசமானைக் கொன்ன அதே மூன்றாம் கிருஷ்ணன் ஆட்சிதான். எதிரி பேரைக் கல்லுல முன்னாடி போட்டுட்டுதான் மடத்துக் கணக்கைப் பார்த்திருக்கார். அந்த மனுஷனுக்கு மனசு முழுசா ஆறிப்போச்சான்னு கல்வெட்டு சொல்லாது. ஆனா காலையில எழுந்தா செய்யறதுக்கு வேலை இருந்தது. பூசை, பாடம், வர்றவங்களுக்குச் சோறு. போர்ல இருந்து திரும்பின ஆளுக்கு அந்த மடத்து வேலைதான் ஊன்றுகோல்.

இதே ஊர்க் கடற்கரையிலதான் பட்டினத்தார் சமாதியும் இருக்கு. காவிரிப்பூம்பட்டினத்துல பெரிய கப்பல் வியாபாரி. வளர்த்த பிள்ளை மருதவாணன் காணாம போனதும் சொத்து சுகம் எல்லாத்தையும் உதறினவர். அவர் கையில பேய்க்கரும்பு ஒண்ணு இருக்கும், சிலைகள்ல பார்த்திருப்பீங்க. பேய்க்கரும்பு எங்க ஆத்துப் படுகையிலயும் முளைக்கும். பார்க்கக் கரும்பு மாதிரியே இருக்கும், கடிச்சா கசப்பு. இது எந்த ஊர்ல இனிக்குதோ அங்கதான் உனக்கு முடிவுன்னு அவருக்குச் சொல்லப்பட்டதாம். கசக்குற கரும்பையே கோலா ஊணிக்கிட்டு ஊர் ஊரா நடந்தார், பாடினார். திருவொற்றியூர் வந்ததும் நுனிக்கரும்பு இனிச்சதுன்னு சொல்வாங்க. இங்கேயும் கோல்தான் முதல்ல. இனிப்பு கடைசியில.

கஞ்சித் தொட்டி

சாமி கதையில இருந்து ஆஸ்பத்திரிக் கதைக்கு வர்றேன். திருவொற்றியூர்ல இருந்து தெற்கே வந்தா ராயபுரம். அங்க இருக்கிற ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வயசானவங்க இன்னைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க. ஏன் அந்தப் பேரு?

ஹைதர் அலி படையெடுப்பு நேரத்துல கிராமங்கள் எரிஞ்சு, விவசாயம் நின்னு, பஞ்சத்துல ஜனங்க பட்டணத்துக்கு ஓடி வந்தாங்க. எங்க பக்கத்து முப்பாட்டன்மாரும் அதுல இருந்திருப்பாங்க. அவங்களுக்குக் கஞ்சி ஊத்துறதுக்காக 1782 வாக்கில் உண்டானதுதான் மணியக்காரர் சத்திரம். பெரிய தொட்டியில கஞ்சி. பசிச்சு வந்தவங்கள்ல பாதிப் பேர் நோயாளி. அதனால வைத்தியமும் தேவைப்பட்டது. 1799-ல் ஜான் அண்டர்வுட்னு ஒரு டாக்டர் ஏழைகளுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கினார். பின்னால சத்திரமும் அதுவும் சேர்ந்தது, வளர்ந்தது, அரசாங்கம் எடுத்துக்கிட்டது, 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆச்சு. வடசென்னையே நம்பியிருக்கிற ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் ஒரு கஞ்சித் தொட்டி. நோயாளிக்கு மருந்து இறங்கணும்னா வயித்துல முதல்ல கஞ்சி இருக்கணும்.

இது புதுசும் இல்லை. வாலாஜாபாத் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுற திருமுக்கூடல்ல வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 1060-களோட கடைசி. அந்தக் கோயிலோட சேர்ந்து பள்ளிக்கூடம், விடுதி, வீரசோழன்கிற பேர்ல 15 கட்டில் உள்ள ஓர் ஆதுலர்சாலை. ஆதுலர்னா நோயாளிங்க. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டுவர ரெண்டு ஆள், நோயாளிகளைக் கவனிக்க ரெண்டு பெண்கள், ஒரு நாவிதர். சம்பளம் நெல்லாகவும் காசாகவும். இருப்பு வைக்கிற மருந்துகளுக்குப் பட்டியலே கல்லுல இருக்கு. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த மருந்து, பூண்டு சேர்ந்த விளக்கெண்ணெய்த் தைலம், இப்படி.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு உறைச்சது. மூலிகைங்கிறது காட்டுல கிடக்கிற தழை மட்டும் இல்லை. அதைப் பறிக்க ஆள், காய்ச்ச ஆள், அளந்து கொடுக்க வைத்தியர், அவருக்கு நெல்லு கொடுக்க நிலம், இவ்வளவும் சேர்ந்தாத்தான் மருந்து. வாட்சப்புல "இந்த ஒரு இலை போதும்"னு வர்ற செய்தியை அந்தச் சோழர் காலத்து வைத்தியரே நம்பியிருக்க மாட்டார்.

நாலு கீரை

இந்தக் கஞ்சித் தொட்டி இருந்த அதே பட்டணத்துல வளர்ந்தவர்தான் வள்ளலார் இராமலிங்க அடிகள். 1823-ல் சிதம்பரம் பக்கம் மருதூர்ல பிறந்து, சின்ன வயசுலயே சென்னைக்கு வந்து, ஏழுகிணறு பக்கத்துல அண்ணன் வீட்டுல வளர்ந்தார். அங்க இருந்து திருவொற்றியூருக்கு அடிக்கடி நடந்தே போவார். வடிவுடை அம்மன் மேல வடிவுடை மாணிக்கமாலை பாடினார். ஒரு நாள் கோயில்ல இருந்து நேரங்கழிச்சுத் திரும்பினப்போ வீட்டுக் கதவு சாத்தியிருந்ததாம். பசியோட திண்ணையிலயே படுத்துட்டார். அண்ணி வந்து எழுப்பிச் சோறு போட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நிஜ அண்ணி கதவைத் திறந்து, "சாப்பிட வா"ன்னு கூப்பிட்டாங்களாம். முதல்ல வந்தது வடிவுடை அம்மன்னு சொல்வாங்க.

பசியில சோறு கிடைச்ச அந்தப் பிள்ளைதான் பெரியவராகி, 1867 மே 23-ல் வடலூர்ல தருமச்சாலை தொடங்கி, அணையா அடுப்பு மூட்டினார். பாட்டு, பக்தி, சோறு, மூலிகை எல்லாத்தையும் அவர் தனித்தனியாப் பிரிக்கல. மூலிகைகளோட குணத்தை வரிசையா எழுதி வச்சிருக்கார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, வல்லாரை, இந்த நாலையும் ரொம்ப உயர்த்திச் சொல்வாங்க அவர் வழியில போறவங்க.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்காக இந்த நாலையும் எங்க பார்க்கலாம்னு சொல்றேன். கரிசலாங்கண்ணி ஈர வரப்புல தானா முளைக்கும், இலையைக் கசக்கினா கை கருப்பாகும். தூதுவளை வேலியில ஏறும், தண்டெல்லாம் கொக்கி முள்ளு, பூ ஊதா. முசுமுசுக்கை கொடி, இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். வல்லாரை வாய்க்கால் ஓரத்துல படரும். மார்கழிச் சளிக்கு எங்க வீட்டுல தூதுவளை ரசம், முசுமுசுக்கை அடை. இது வைத்தியம்னு யாரும் நினைச்சது இல்லை, சாப்பாடுதான். உடம்புக்குத் தெம்பு கொடுக்கும், கோல் மாதிரி.

மச்சானோட பாட்டு

எங்க வீட்டுக்காரியோட தம்பி திருவொற்றியூர்ல இருக்கார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டினவர். எண்ணூர் நெடுஞ்சாலையில ராத்திரி பகலா லாரி வரிசையில நிக்கிற பொழப்பு. தூக்கம் இல்லை, பிரஷர் மாத்திரை ஒழுங்கா இல்லை. ஆறு வருஷம் முன்னாடி, நாப்பத்தெட்டு வயசுல பக்கவாதம் வந்துடுச்சு. வலது கை, வலது கால் விழுந்தது. வாய் கோணி, பேச்சு நின்னுபோச்சு.

அன்னைக்குச் சில பேர் நாட்டு வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போலாம்னாங்க. அவர் பொண்டாட்டி யார் பேச்சையும் கேக்கல, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சாங்க. இதை எல்லாரும் ஞாபகம் வச்சுக்குங்க. மூளையில ரத்தக்குழாய் அடைச்சு வர்ற பக்கவாதத்துக்கு, அடைப்பைக் கரைக்கிற ஊசி பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன். அந்த நேரத்துல கோயிலும் வேணாம், தைலமும் வேணாம். ஆஸ்பத்திரிதான்.

உயிர் தப்பிச்சார். ஆனா வீட்டுக்கு வந்தப்புறம்தான் நிஜமான கஷ்டம். எல்லாம் புரியுது, ஒரு வார்த்தை வாயில வரல. தண்ணி கேக்க முடியல. கோபத்துல டம்ளரை வீசுவார். சுந்தரர் கோலை வீசின மாதிரிதான்.

சின்ன வயசுல மச்சான் கானா பாடுவார். வடசென்னையில சாவு வீட்டுல ராத்திரி முழுக்க கானா பாடுற வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். செத்தவங்க பேரைச் சொல்லி, அவங்க பட்ட பாட்டைச் சொல்லி, டோலக் அடிச்சுப் பாடுவாங்க. அழ முடியாம உறைஞ்சு உட்கார்ந்திருக்கிற அம்மாக்காரி அந்தப் பாட்டுலதான் வாய் விட்டு அழுவா. அப்படி மச்சானோட பாடின கூட்டாளி ஒருத்தர் பார்க்க வந்தார். என்ன பேசுறதுன்னு தெரியாம ஸ்டூல்ல தாளம் தட்டி, பழைய பாட்டு ஒண்ணை மெதுவா எடுத்தார். மச்சான் கூடவே பாடிட்டார். ஒரு அடி முழுசா, வார்த்தை பிசகாம. வீடே திகைச்சுப் போச்சு. பாட்டு நின்னதும் திரும்பவும் பேச்சு இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாகிட்ட சொன்னோம். அவங்க ஆச்சரியப்படல. பேச்சு பெரும்பாலும் மூளையோட இடது பக்கத்துல இருக்கு, ராகத்துக்கு வலது பக்கமும் உதவுது, அதனால பேச முடியாத சில பேருக்குப் பாட வரும்னாங்க. 1973-லேயே அமெரிக்காவுல பாஸ்டன் டாக்டர்கள் இதை வச்சு ஒரு பயிற்சி முறையே உண்டாக்கிட்டாங்களாம். வேண்டிய வார்த்தையை ராகம் போட்டு, இடது கையால தட்டிக்கிட்டே சொல்லணும். கொஞ்சம் கொஞ்சமா ராகத்தைக் குறைக்கணும். "தண்ணி குடு"ங்கிறதை மச்சான் மூணு மாசம் பாட்டாத்தான் கேட்டார். "மாமா"ன்னு என்னைக் கூப்பிட்டதும் ராகத்துலதான்.

அரசு சித்த மருத்துவப் பிரிவுல டாக்டர் பார்த்து, தைலம் போட்டுத் தொக்கணம் செஞ்சாங்க. பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தல. எங்க வீட்டுக்காரி வேண்டிக்கிட்டபடி, பௌர்ணமி அன்னைக்கு மூணு அம்மனையும் தரிசனம் பண்ணினோம். காலையில எங்க மீஞ்சூர் பக்கத்து மேலூர் திருவுடை அம்மன், மதியம் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன். மூணு கோயில் பிராகாரத்தையும் மச்சான் கோல் ஊணியே சுத்தினார். எது குணமாக்கினதுன்னு என்னைக் கேட்டா பிரிச்சுச் சொல்லத் தெரியாது. ஊசி உயிரைக் கொடுத்தது. மத்தது எல்லாம் மறுநாள் காலையில எழுந்திரிக்க ஒரு காரணம் கொடுத்தது. இப்போ மெதுவாப் பேசுறார். வலது கை இன்னும் முழுசா வரல. லாரி ஓட்ட முடியாது. ஒரு கண்ணு வந்திருக்கு, இன்னொரு கண்ணுக்கு நடந்துக்கிட்டு இருக்கார்.

இப்போ நோயாளி யாரு?

இவ்வளவும் சொன்னது இதைச் சொல்லத்தான். இந்த ஊர் இத்தனை பேருக்குக் கோல் கொடுத்தது. மரம், கடற்கரை, படுகையில முளைச்ச பேய்க்கரும்பு, வரப்புக் கீரை, கோயில் மணல்ல உட்கார்ந்து பாட இடம். இன்னைக்கு அந்த இடமே நோயில கிடக்கு.

எண்ணூர் கழிமுகத்துல பல வருஷமா அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சிருக்கு. இடுப்பளவு தண்ணியில நின்னு கையால தடவி இறால் பிடிக்கிற ஜனங்க அந்தச் சாம்பல் சேத்துலதான் நிக்கிறாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து கழிமுகம் முழுக்கப் பரவிச்சு. வலை, படகு, அலையாத்தி மரம், கூழைக்கடா எல்லாத்து மேலயும் கருப்பு எண்ணெய். குப்பத்து மீனவர்களே படகுல போய் அதை அள்ளி டிரம்ல நிரப்பினாங்க. சாமி விளக்குக்கு எண்ணெய் இல்லைன்னு தன் கழுத்தை அறுத்து ரத்தம் ஊத்தத் துணிஞ்ச கலிய நாயனார் செக்கு ஆட்டின ஊர் திருவொற்றியூர். அந்த ஊர் பக்கத்துல எண்ணெய் இப்படி வந்து சேர்ந்தது. அதே மாசம் 26-ஆம் தேதி நள்ளிரவு கடலுக்கடியில போற குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்க மூச்சுத் திணறி குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க.

கீரைக்கு மூளை இல்லை. மண்ணுல ஈயம் இருந்தா ஈயத்தையும் உறிஞ்சும், காட்மியம் இருந்தா அதையும் உறிஞ்சும். சாம்பல் படிஞ்ச வாய்க்கால் ஓரத்துல முளைக்கிற வல்லாரை பார்க்கப் பச்சைப்பசேல்னுதான் இருக்கும். அதை நாங்க பறிக்கிறது இல்லை. மூலிகை விக்கிறவங்ககிட்ட நீங்களும் கேளுங்க, "எந்த மண்ணுல முளைச்சது?"ன்னு. வள்ளலார் சொன்ன கீரைதான், ஆனா அவர் காலத்து வாய்க்கால் இல்லை.

ஆறு ஒரே நாள்ல குணமாகாது. அதுக்கும் முதல்ல கோல்தான் வேணும். 2017-ல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்லயே நின்னு பாடிப் படமாக்கின சென்னை புறம்போக்குப் பாடல் ஒரு கோல். கபேர் வாசுகி சென்னைத் தமிழ்ல எழுதின அந்தப் பாட்டு, புறம்போக்குன்னா திட்டு வார்த்தை இல்லை, எல்லாருக்கும் பொதுவான நிலம்னு உங்களை மாதிரி பட்டணத்து ஜனங்களுக்கு ஞாபகப்படுத்திச்சு. எண்ணெயை அள்ளின மீனவங்க கை ஒரு கோல். வழக்குப் போடுறவங்க, தண்ணியை எடுத்துச் சோதிக்கிறவங்க, அலையாத்தி நடுறவங்க எல்லாரும் கோல் கொடுக்கிறவங்கதான். இனிமேல சாம்பல் விழாம நிறுத்தினா ஒரு கண்ணு வரும். கழிமுகத்தை மேற்கொண்டு தூர்க்காம விட்டா இன்னொரு கண்ணு. அதைச் செய்யவேண்டியவங்க பாட்டு பாடுறவங்க இல்லை, அதிகாரத்துல இருக்கிறவங்க. கேக்கவேண்டியது நாமதான்.

அடுத்த தடவை பூண்டிக்கு வந்தா அணையை மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. ஊன்றீஸ்வரர் கோயில்ல கொம்பு உடைஞ்ச நந்தியையும் ஒரு எட்டு பார்த்துட்டு, ஆறு போற திசையிலயே எண்ணூர் வரைக்கும் வாங்க. மீஞ்சூர்ல இருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயில்ல ஏறினா எண்ணூர் பக்கம்தான். ஜன்னல் ஓரமா உட்காருங்க. நீங்க குடிக்கிற தண்ணியோட மறுமுனை அங்க தெரியும்.